ஒட்டுக்குக் கீழே

மன்னாரில் கீரி என்ற ஊரில், எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு மாமரம் நிற்கிறது. அதை வாங்கி வந்து நட்டவன் என் மனைவியின் முதல் கணவன். அவனை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் கலியாணம் முடித்து இந்த வளவுக்குள் கால் வைத்த நாளிலிருந்து அவனும் சேர்ந்துதான் எங்களோடு குடித்தனம் நடத்துகிறான். அவள் முன்னால் அவனை 'அவர்' என்பேன். எனக்குள்ளே பேசும்போது 'அவன்'தான். அந்த அளவு உரிமையாவது எனக்கு இருக்க வேண்டாமா?

நான் முருங்கன் பக்கத்து ஆள். மன்னார் டவுனில் படகு எஞ்சின் திருத்துகிறேன். அவளை முதல்முதல் கண்டதே ஒரு எஞ்சினோடுதான். சோளகக் காற்று அடிக்கும் ஒரு காலத்தில் அவன் தனியாகக் கடலுக்குப் போனான். படகு மட்டும் தாழ்வுபாட்டுப் பக்கம் கரையொதுங்கியது. வலை இருந்தது, சோற்றுப் பெட்டி இருந்தது, எஞ்சினும் இருந்தது. அவன் இல்லை. கன நாள் கழித்து அந்த எஞ்சினை விற்கலாம் என்று யாரோ சொல்ல, அவள் அதை ஒரு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். கழற்றிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. உப்புப் பூத்திருந்ததைத் துடைத்ததும் முதல் இழுவையிலேயே ஸ்டார்ட் ஆகியது. "எஞ்சினிலை பிழை இல்லை" என்று தொழில்காரன் கெட்டித்தனத்தோடு சொன்னேன். அவள் முகம் மாறியதைக் கண்ட பிறகுதான், வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று தோன்றியது. எஞ்சின் பழுதாகவில்லை என்றால் ஆள் எங்கே போனான்? அந்தக் கேள்வியை அவளுக்குக் கொடுத்தனுப்பியவன் நான்தான். எஞ்சினை அவள் விற்கவில்லை.

எங்கள் கடலில் காணாமற் போவதற்கும் சாவதற்கும் இடையில் ஒரு பெரிய வெளி உண்டு. காற்றில் இழுபட்டு இராமேஸ்வரப் பக்கம் ஒதுங்கியவர்கள் இருக்கிறார்கள். அங்கே பிடிபட்டுச் சிறை மறியலில் கிடந்து, வீட்டில் எல்லாரும் கைவிட்ட பிறகு தாடியோடு திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் அவனுக்கும் ஊர் அந்த வெளியைக் கொடுத்தது. அங்கே ஒருவன் கண்டானாம், இங்கே ஒருவன் கேள்விப்பட்டானாம். ஒவ்வொரு கதைக்கும் அவள் போய் வந்தாள். கதைகள் ஓய்ந்து, ஆண்டுகள் போய், நான் அவளைப் பெண் கேட்டபோது அவள் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சுவாமியாரிடம் கேட்டுப் பாருங்கோ என்றாள்.

உடல் கிடைக்காத ஆளின் மனைவிக்குக் கத்தோலிக்கக் கோயிலில் இரண்டாம் கலியாணம் இலேசில் நடக்காது. பங்குச் சுவாமியார் விசாரித்தார். கடலில் தேடப் போனவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். மேலிடத்துக்கு எழுதினார். கடைசியில் ஒரு பேப்பர் வந்தது. அதில், ஆளை இறந்தவராகக் கருதலாம் என்று இருந்தது. அந்தப் பேப்பரின் பலத்தில் விடியும் முன்னான ஒரு வெள்ளாப்புப் பூசையில், பாட்டும் மேளமும் இல்லாமல் எங்களுக்குக் கலியாணம் ஆனது. நான் 'இறந்தவர்' என்ற சொல்லை வாசித்தேன். அவள் 'கருதலாம்' என்ற சொல்லை வாசித்தாள். இந்த வித்தியாசம் எனக்கு விளங்க நாள் எடுத்தது.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கறுத்தக்கொழும்பான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பழுத்தாலும் தோல் கரும்பச்சையாகவே இருக்கும். வெட்டினால் உள்ளே மஞ்சள் திரண்டு, வீடு முழுக்க வாசம் நிற்கும். கலியாணம் முடித்த கையோடு அவன் யாழ்ப்பாணம் போய் ஒட்டு மாங்கன்றாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தானாம். மணலில் அது தப்பாது என்று ஊர் சொன்னதாம். அவன் செம்மண் கொண்டுவந்து கொட்டி, ஆட்டெரு போட்டு, தப்ப வைத்தான். முதற் பழத்தை ஒவ்வொரு ஆடித் திருவிழாவுக்கும் மடு மாதாவுக்குக் கொண்டுபோய் வைப்பது அவன் நேர்த்திக்கடன். அதற்கு முன்னால் வீட்டில் ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது. அவன் போன பிறகும் அவள் அதைத் தவறவிடவில்லை.

நான் வந்த முதல் வருஷம் அந்தப் பழத்தைத் தின்றேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடித்தேடித்தான் தின்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவ்வளவு நல்ல பழம். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுப்படிக் கூரை தகரம். மத்தியானத்தில் எல்லாரும் கண்ணயரும் நேரம் பார்த்து ஒரு பழம் அதில் விழும். யாரோ வாசல் படலையைத் தட்டுவது போலத்தான் கேட்கும். பாயில் கிடக்கிற என் மனைவி, கண் திறவாமலே, "வாறன்" என்பாள். பிறகு தானே விழித்துக்கொண்டு, எழுந்து போய்ப் பழத்தைப் பொறுக்கி வருவாள். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த தடவை வரவில்லை. எனக்கு ஒருநாளும் அவள் அந்தக் குரலில் வாறன் சொன்னது கிடையாது. மாம்பழக் காலம் முழுக்க மத்தியானங்களில் நான் தூங்காமல் கிடந்து காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒரு மார்கழியில் காற்றும் மழையுமாக அடித்தது. பக்கத்து வளவுப் பனை வேலியோடு சரிந்து மாமரத்தின் மேல் விழுந்தது. மரம் முழங்கால் உயரத்தில் பிளந்து முறிந்தது. காற்று அடங்கியதும் நான் மரம் அறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு போனேன். நடுமரத்தில் வாள் எதிலோ சிக்கியது. பார்த்தால் நீல நைலோன் கயிறு. கிழிந்த வலை பொத்துவதற்காக அவன் எப்போதோ மரத்தில் கட்டியது. பட்டை வளர்ந்து கயிற்றை விழுங்கிவிட்டது. மற்றதெல்லாம் விறகாகப் போனது. அந்தத் துண்டை மட்டும் அவள் எரிக்க விடவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பாரம் இறங்கியது. நானா காற்றை அடிக்கச் சொன்னேன்? இனி இந்த வீட்டில் நானும் அவளும் மட்டும் என்று நினைத்தேன். எஞ்சியிருந்த கட்டை காய்ந்து வெடித்தது. தை முடிந்து மாசியில், ஒரு காலைநேரம் தண்ணீர் அள்ளப் போனவள் வாளியைக் கிணற்றுக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இஞ்ச வந்து பாருங்கோ. செத்துப்போச்சு எண்டெல்லோ எல்லாரும் சொன்னவை."

கட்டையின் அடியில் செந்தளிர்கள் விட்டிருந்தன. அவள் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு வெளிச்சம். நான் குனிந்து பார்த்தேன். பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மாங்கன்று வாங்கிய எவருக்கும் தெரிந்த விஷயந்தான் அது. நல்ல இனத்து மாவைக் கொட்டை போட்டு முளைக்க வைத்தால் தாய்மரத்துப் பழந்தான் வரும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் எங்கேயோ முளைத்த ஒரு நாட்டு மாங்கன்றின் தலையைச் சீவிவிட்டு, நல்ல மரத்தின் கிளை நுனி ஒன்றை அதில் செருகிக் கட்டுவார்கள். கட்டிய இடத்தில் ஒரு முடிச்சுப் போல வீங்கி நிற்கும். அதுதான் ஒட்டு. அதற்கு மேலே கறுத்தக்கொழும்பான். அதற்குக் கீழே, கொட்டைக்குச் சொந்தமான பெயரில்லாத மா. கன்று விற்கிறவன் காசை வாங்கும்போதே சொல்லிவிடுவான்: ஒட்டுக்குக் கீழே தளிர்த்தால் உடனே கிள்ளிப் போடுங்கோ, விட்டால் அதுதான் மரமாகும்.

இப்படி ஒரு சாதி மரத்தைப் பற்றி யோசித்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். முதலாவது கறுத்தக்கொழும்பான் எங்கே நின்றது, யாருடைய வளவில் நின்றது என்று எனக்குத் தெரியாது. அது செத்து மண்ணாகியிருக்கும். ஆனால் அதிலிருந்து ஒரு கிளை, அந்தக் கிளையிலிருந்து இன்னொரு கிளை என்று கைமாறிக் கைமாறி, அதே மரந்தான் ஊர் ஊராக இன்னும் நிற்கிறது. எவனோ வெட்டி எவனோ கட்டிக்கொண்டிருக்கும்வரை அதற்குச் சாவில்லை. கை ஓய்ந்தால் முடிந்தது. பிறகு கீழே இருப்பது எழும்பி வரும்.

எங்கள் கட்டையில் ஒட்டு முடிச்சு தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலே பட்டை காய்ந்து உரிந்திருந்தது. தளிர் வந்தது முடிச்சுக்கு இரண்டு விரற்கடை கீழே. ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கினேன். வாசமும் வேறு. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்ற யோசனையும் வந்தது. அந்த மரம் நின்ற காலமெல்லாம் வருஷா வருஷம் குனிந்து கீழ்த்தளிரைக் கிள்ளி எறிந்தவள் அவள்தான். நானே கண்டிருக்கிறேன். இந்த முறை அவள் கை அங்கே போகவில்லை.

அடுத்த கிழமை பார்த்தேன், கட்டையைச் சுற்றி மண் குவித்து எருவும் சருகும் போட்டிருந்தாள். வேர் காயக்கூடாதாம். முடிச்சு மண்ணுக்குள்ளே போய்விட்டது.

அன்றிலிருந்து வீடு மாறியது. அவள் பாயைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டாள். புழுக்கமாக இருக்கிறது என்றாள். பொழுதுபட்டாலும் படலைக்குச் சங்கிலி போடுவதில்லை. நான் போட்டால் அவள் போய்க் கழற்றுவாள். இராமேஸ்வரத்துப் பக்கமிருந்து யாராவது திரும்பி வந்தார்கள் என்று கேள்விப்பட்டால் பழையபடி விசாரிக்கப் போனாள். ஒருநாள் நான் வேலையால் வந்தபோது, கிணற்றடியில் நின்று மரத்தோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள். தண்ணீர் அள்ளத் தொடங்கினாள். என் வீட்டுக்குள் நான் செருமிக்கொண்டு நுழைய வேண்டிய நிலை வந்தது.

மரம் தலைக்கு மேல் வளர்ந்த பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன், இது என்ன சீவியம் என்று. அவள் கோபிக்கவில்லை. கன நாளாய் யோசித்து வைத்ததைச் சொல்வது போல அமைதியாகச் சொன்னாள்.

"அது காய்க்கட்டும். அதே பழமெண்டால் அவரும் இருக்கிறார். நான் சுவாமியாரிட்டைப் போய் அந்தப் பேப்பரைத் திருப்பிக் குடுத்துப்போடுவன். கருதலாம் எண்டுதானே போட்டிருக்கு."

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை" என்றாள். அது பொய்யில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

அதன் பிறகு அந்த மரத்துக்கு என்னைப் போல ஒருவரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். வேலைக்குப் போகமுதல் ஊற்றினேன், வந்தும் ஊற்றினேன். என்ன பழம் வரும் என்பது எனக்குத் தெரியும். அது கெதியாக வந்து தொலையட்டும் என்று இருந்தது. புளித்த பழம் ஒன்றுக்காக நேர்த்தி வைக்காத குறை. அவளோ நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, சில நாட்களில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அப்போதெல்லாம் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

கடந்த வருஷம் பூத்தது. காற்று உதிர்த்தது போக ஒரு கை எண்ணிக்கையில் காய்கள் நின்றன. காய் பருக்கப் பருக்க அதன் முகம் தெரிந்தது. கறுத்தக்கொழும்பான் நீண்டு இருக்கும். இது உருண்டை. நிறமும் வெளிறியது. முதற் காய்ப்பு இப்படித்தான் இருக்கும் என்று நான் கேட்காமலே அவள் சொன்னாள். ஓம், அப்படித்தான் என்றேன்.

ஆடித் திருவிழாவுக்கு முன்னால் முதற் பழம் பழுத்தது. அவள் அதைப் பறித்து வந்து மேசையில் வைத்தாள். மாதாவுக்குப் போக வேண்டிய பழத்துக்குப் பக்கத்தில் கத்தியையும் வைத்தாள். இந்த வீட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. நான் அவளைப் பார்த்தேன். என்ன பழமென்று தெரியாமல் கொண்டுபோய் மாதாவுக்கு வைக்கமாட்டேன் என்றாள். வெட்டினாள். நார் கத்தியைப் பிடித்து இழுத்தது. முதல் துண்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்கள் திண்டு சொல்லுங்கோ."

வாயில் வைத்தேன். பல் கூசியது. அப்படி ஒரு புளி. நார் பல்லிடுக்கில் மாட்டியது. இத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த வெற்றி என் நாக்கில் இருந்தது. 'இது அது இல்லை' என்றால் எல்லாம் முடிந்தது. அவள் மேசையடிக் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. ஒரு மனிதனின் உயிரை வைத்துக்கொண்டு நிற்கிறாள், என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவனைக் கொல்ல என்னால் முடியவில்லை. வெட்கம்கெட்ட விஷயம், எனக்கு அவன்மேல் ஒரு பரிதாபங்கூட வந்தது.

"அதே பழந்தான்" என்றேன்.

அவள் மற்றத் துண்டை எடுத்தாள். மெதுவாகச் சப்பினாள். முகம் சுளிக்கவில்லை. விழுங்கி முடித்துவிட்டு, கொட்டையையும் சூப்பி, கோப்பையில் வைத்தாள்.

"உங்களுக்கு ஒருநாளும் பொய் சொல்லத் தெரியாது" என்றாள். கத்தியைத் துடைத்துக்கொண்டே, "ஒட்டுக்குக் கீழால வந்தது. முளைச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றாள்.

பிறகு ஏன் விட்டுவைத்தாள் என்பதையும் அவளே சொன்னாள்.

"கிள்ளுவமெண்டு குனிஞ்சனான். கை வரேல்லை. அதையும் கிள்ளினால் பிறகு என்ன கிடக்கு?"

கோப்பையைக் கழுவி வைத்தாள். அன்று பின்னேரம் முழுக்கக் கிணற்றடிப் பக்கம் போகவில்லை. மிச்சப் பழங்களை அணில் தின்றது. நான் துரத்தவில்லை.

மடுவுக்குப் போனோம். மரம் காய்த்த ஒரு வருஷத்தில் வெறுங்கையோடு போனது அதுதான் முதல் தடவை. சனம் காடு முழுக்கக் கூடாரம் அடித்திருந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் பூசைக்குப் பெயர் கொடுக்கிற மேசை ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷமும் அவள் அந்த வரிசைக்குத் தனியே போவாள், நான் மரநிழலில் சாமான்களுக்குக் காவல் இருப்பேன். யாருக்காகக் கொடுக்கிறாள் என்பது எனக்குத் தெரியும், அதனால் நான் கேட்பதில்லை. இந்த முறை என்னையும் வரச் சொன்னாள்.

மேசையில் இருந்தவர் அவளை அடையாளம் கண்டு சிரித்தார். அவள் அவன் பெயரைச் சொன்னாள். எங்கள் வீட்டில் யாரும் உரத்துச் சொல்லாத பெயர். அவர் வழக்கப்படி தாளின் இடது பக்கத்தில் எழுதப் போனார். எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக்கு மேலே, உயிரோடு இருப்பவர்கள் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் நாங்கள் கலியாணம் முடித்த வருஷமும் அங்கேதான் எழுதுவித்திருக்கிறாள், அதற்கு அடுத்த வருஷமும்.

"அந்தப் பக்கம் இல்லைத் தம்பி" என்றாள் அவள். "மற்றப் பக்கம் எழுதுங்கோ."

அவர் பேனையை எடுத்து அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இறந்த ஆத்துமாக்களின் பக்கத்தில் எழுதினார். எத்தனையோ வருஷமாக நான் ஆசைப்பட்ட காரியம் அது. அவர் எழுதி முடித்தபோது அந்தத் தாளைப் பறித்து, வேண்டாம், பழையபடியே இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சனம் நெருக்கியது. எங்களுக்கு இடம் கிடைத்தது. மடு றோட்டுச் சந்தி தாண்டியதும் அவள் அழத் தொடங்கினாள். அவனுக்காக அவள் அழுது நான் அதுவரை கண்டதில்லை. அழுதால் அவன் செத்துவிடுவான் என்று அடக்கி வைத்திருந்தவள். இப்போது யாரையும் பார்க்காமல், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா குனிந்து, இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார்.

"இவவின்ரை மனுசன் செத்துப்போனார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார்.

"எப்ப தம்பி?"

"இண்டைக்கு" என்றேன்.